கலைக்கப்படாத சபை

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தின் திருமானூர் ஊராட்சி ஒன்றியத்தில் அமைந்துள்ள ஏலாக்குறிச்சி, வெளியூர் மக்களுக்கு அடைக்கல மாதா திருத்தலத்தாலும், அவ்விடத்தைத் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய வீரமாமுனிவராலும் அறிமுகமான ஊர். அவ்வூரில் பதினெட்டு வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் பெற்ற ஒருவருக்கு மக்களாட்சி ஆறு வாக்குகளை அளித்திருக்கிறது. சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்கு ஒன்று, அரியலூர் சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று, ஊரக உள்ளாட்சிக்கு நான்கு. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாள்களில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இந்த நான்கு வாக்குகளும் நான்கு நிறச் சீட்டுகளாக வாக்காளரின் கைக்கு வந்தன: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினருக்கு மஞ்சள். மடித்து ஒரே பெட்டியில் போடப்பட்ட அந்தச் சீட்டுகளோடு தம் பங்கு முடிந்துவிட்டது என்று எண்ணியே பெரும்பாலானவர்கள் சாவடியைவிட்டு வெளியேறுகிறார்கள்.

ஆனால் அந்த வாக்காளருக்கு, எந்தத் தேர்தலிலும் நிற்காமலே, யாரிடமும் வாக்குக் கேட்காமலே, ஒரு சபையில் உறுப்பினர் பதவி இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் சேர்ந்த அமைப்புக்குக் கிராம சபை என்று பெயர். அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆவது பிரிவு அதை அப்படித்தான் வரையறுக்கிறது. மக்களவை கலைக்கப்படலாம், சட்டமன்றம் முடக்கப்படலாம், ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் ஐந்தாண்டில் முடிந்துவிடும். பட்டியலில் பெயர் உள்ள மனிதர்களே உறுப்பினர்களாக இருக்கும் கிராம சபைக்கோ பதவிக்காலம் என்பதே கிடையாது. உரிமைகள் ஓர் அத்தியாயம், கடமைகள் இன்னோர் அத்தியாயம் என்று குடிமையியல் பாடநூல்கள் பிரித்துவைத்த இரண்டும் ஒரே செயலாக நிகழக்கூடிய இடம் இந்தச் சபைதான். அது பெரும்பாலான ஊர்களில் ஒரு சடங்காகக் கடந்துபோவது வருந்தத்தக்கது.

குடிமகன் என்ற நிலை இம்மண்ணில் மிகப் பழையதன்று. வீரமாமுனிவர் (1680–1747) காலத்தில் இப்பகுதியை அரியலூர் மழவராயர்கள் பாளையக்காரர்களாக ஆண்டனர். அருகே உடையார்பாளையம் தனிப் பாளையமாக இருந்தது. அன்றைய உழவருக்கு வரித் தள்ளுபடியோ, வாய்க்கால் நீரோ, உயிருக்குக் காவலோ வேண்டுமானால் ஆள்பவரின் மனம் இரங்கியாக வேண்டும். இல்லையேல் கோயிலோ தேவாலயமோ புகலிடம் தந்தாக வேண்டும். கிடைத்தால் அது கருணை. கிடைக்காவிட்டால் முறையிட வேறு வாசல் இல்லை. கம்பெனி ஆட்சி பாளையங்களை ஜமீன்களாக மாற்றிய பிறகும், மேலே மனுவும் கீழே உத்தரவும் என்ற அந்த உறவு மாறவில்லை. 1920-இல் மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்தல் வந்தது. 1921-இல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. ஆயினும் சொத்தும் வரியுமே தகுதிகளாக இருந்ததால், நிலமற்ற உழைப்பாளிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றனர். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆவது பிரிவுதான் எழுத்தறிவோ சொத்தோ சாதியோ பாலினமோ கேட்காமல், வயது வந்த எல்லாருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கை அளித்தது. அப்போது 21 ஆக இருந்த வாக்களிக்கும் வயது, 61-ஆவது திருத்தத்தின் மூலம் 1989 முதல் 18 ஆனது.

வாக்குக்கும் அடியில் இருப்பது குடியுரிமை. அது போனால் மற்றவை அனைத்தும் கூடவே போய்விடும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே கசப்பான சான்று உண்டு. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் உள்ளிட்ட தமிழகப் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட உழைப்பாளர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழர், 1947-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், அம்மக்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பங்கிட்டு, எஞ்சிய சுமார் 1,50,000 பேரின் நிலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் இலங்கையில் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேயிலை பறித்து ஒரு நாட்டின் கருவூலத்தை நிரப்பியவர்கள், கடமையில் எந்தக் குறையும் வைக்காதவர்கள், உரிமையே இல்லாமல் இருந்தார்கள். கடமையைச் செய்தால் உரிமை தானாக வந்துசேரும் என்ற பழகிப்போன அறிவுரையை இந்த ஒரு வரலாறு பொய்யாக்கிவிடுகிறது.

இந்திய அரசமைப்புச் சட்டம் உரிமையையும் கடமையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. மூன்றாம் பகுதியில் உள்ள அடிப்படை உரிமைகள், அதாவது சட்டத்தின்முன் சமத்துவம், தீண்டாமை ஒழிப்பு, பேச்சுரிமை, கூடும் உரிமை, உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் பாதுகாப்பு, சமய உரிமை போன்றவை, மீறப்பட்டால் நீதிமன்றம் சென்று நிலைநாட்டத்தக்கவை. 32-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தையும், 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தையும் நேரடியாக அணுகலாம். அடிப்படைக் கடமைகளோ 1949-இல் நிறைவேற்றப்பட்ட மூலச் சட்டத்தில் இல்லவே இல்லை. சுவரண் சிங் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் 51அ என்ற பிரிவாக அவை சேர்க்கப்பட்டன. அப்போது பத்து, 2002-இல் வந்த 86-ஆவது திருத்தத்துக்குப் பின், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் கல்வி வாய்ப்பு அளிக்க வேண்டும் என்பதும் சேர்ந்து பதினொன்று. இவற்றை மீறியதற்காக மட்டும் எவரையும் நீதிமன்றம் தண்டிக்க முடியாது. தண்டனை வேண்டும் என்ற குழுவின் பரிந்துரை ஏற்கப்படவில்லை.

அந்த 1976 எத்தகைய ஆண்டு என்பதை மறந்துவிட்டு இக்கடமைகளைப் படிக்கலாகாது. நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தது, செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன, எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையில் இருந்தனர், விடுதலை கேட்டு நீதிமன்றம் செல்லும் உரிமைகூட நெருக்கடிக் காலத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அவ்வாண்டு ஏப்ரலில் தீர்ப்பளித்திருந்தனர், நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். உரிமைகள் முடங்கிக் கிடந்த வேளையில்தான் கடமைகளின் பட்டியல் மக்களுக்கு வழங்கப்பட்டது. இதனால் அக்கடமைகள் தவறானவை ஆகிவிடா. அவற்றில் பல, படிக்கும் எவரும் மனமார ஒப்புக்கொள்ளத்தக்கவை. ஆனால் அரசு குடிமக்களிடம் கடமையை மட்டும் ஓங்கிப் பேசும்போது, எந்த உரிமையைப் பற்றி அது பேசாமல் இருக்கிறது என்று கவனிக்கும் பழக்கம் ஒரு மக்களாட்சியின் மக்களுக்கு வேண்டும்.

கடமையின் எல்லை எது என்பதை 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய பிஜோ இம்மானுவேல் வழக்குத் தீர்ப்பு மிக அழகாக வரைந்து காட்டியது. நாட்டுப்பண்ணை மதிக்க வேண்டும் என்பது 51அ பிரிவின் முதல் கடமைகளுள் ஒன்று. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவ சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் இசைக்கும்போது எழுந்து மரியாதையோடு நின்றார்கள். தங்கள் சமய நம்பிக்கைக்கு மாறானது என்பதால் பாடவில்லை. அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். எழுந்து நின்றதே மதிப்பைக் காட்டிவிட்டது, பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்று கண்ட நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. பெரும்பான்மையினருக்குச் சற்றும் வருத்தம் தராதவற்றை மட்டுமே உரிமை என்று காப்பாற்றினால், காப்பாற்றுவதற்கென்று எதுவுமே மிஞ்சாது.

கடமையைச் செய்வதற்கே உரிமை தேவைப்படுகிற இடங்களும் உண்டு. அங்குதான் இவ்விரண்டின் உறவு முழுமையாகப் புலப்படுகிறது. காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காத்து மேம்படுத்த வேண்டும் என்பதும் 51அ பிரிவின் கடமைகளுள் ஒன்று. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் பாழாக்கியபோது, அப்பகுதி மக்களின் நல அமைப்பான வேலூர் குடிமக்கள் நல மன்றம் 32-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போனதைப் பதிவுசெய்து, கெடுத்தவரே ஈடு செலுத்த வேண்டும், கேடு வரும் என்று முழுமையாக மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஆற்றைக் காக்கும் கடமையை நிறைவேற்ற அம்மக்களுக்கு உதவியது வழக்குத் தொடுக்கும் உரிமை. அவ்வுரிமை இல்லையென்றால் அவர்களுடைய கடமையுணர்வு வெறும் ஏக்கமாகவே நின்றிருக்கும்.

கொள்ளிடக் கரையில் வாழ்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. ஆற்றுமணல் நீரைத் தன்னுள் தேக்கிவைப்பது; கொள்ளிடப் படுகையிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் குழாய்கள் வறண்ட உள்பகுதி ஊர்களுக்கும் பெரம்பலூருக்கும் நீர் கொண்டுசெல்கின்றன. மணல் ஆழமாக அள்ளப்பட்டால் நீர்மட்டம் இறங்குகிறது, கரையோரக் கிணறுகள் வற்றுகின்றன, வெள்ளக் காலத்தில் கரை வலுவிழக்கிறது. மணல் குவாரிகளுக்கு எதிராகக் கொள்ளிடக் கரை ஊர்களில் பலமுறை எழுந்த குரல்களுக்குப் பின்னால் இந்த அனுபவ அறிவு இருக்கிறது. மாவட்டத்தின் மறுபக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் உள்ளன. பெரிய சுரங்கமோ ஆலையோ தொடங்கவும் விரிவாக்கவும், 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை ஏற்பாடு செய்கிறது. மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்கிறார். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மக்களுடைய மொழியில் கிடைக்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்து, தம் கிணற்றின் ஆழத்தையும் வெடிவைப்பால் சுவரில் விழுந்த விரிசலையும் குறித்துக்கொண்டு கூட்டத்துக்குச் செல்லும் ஓர் உழவர், மேடையில் முழங்கும் பத்துப் பேச்சாளர்களைவிடப் பயனுள்ள குடிமைப் பணியைச் செய்கிறார். ஏனெனில் அவர் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறது, குறிப்பில் ஏறியதைப் பின்னாளில் எந்த நீதிமன்றமும் எடுத்துப் பார்க்க முடியும்.

கிராம சபைக்கு வருவோம். அரசமைப்பு அவையில் ஊராட்சி பற்றிக் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. கிராமத்தை நாட்டின் அடித்தளமாகக் காண விரும்பிய காந்தியர்களுக்கு எதிரே, கிராமம் என்பது குறுகிய பற்றும் சாதி இறுக்கமும் நிறைந்த இடம் என்று 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் வெளிப்படையாகக் கூறினார். அதே மாதம் 22-ஆம் நாள், தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்பட்டு, கிராம ஊராட்சிகளை அமைத்து அவற்றுக்கு அதிகாரம் தர அரசு முயல வேண்டும் என்பது வழிகாட்டு நெறியாக, இன்றைய 40-ஆவது பிரிவாக, இடம்பெற்றது. வழிகாட்டு நெறி என்பது அரசு பின்பற்ற வேண்டிய அறிவுரை. நீதிமன்றம் வழியாக வற்புறுத்த இயலாதது. அந்த அறிவுரை கட்டாயச் சட்டமாக மாற நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று: 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தமும், அதைத் தொடர்ந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபையை உயிர்பெறச் செய்தன.

உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பெருமை கொள்வது வழக்கம். முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில் உண்மையாகவே பெருமைக்குரிய ஒரு விதி இருந்தது: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வு பெற முடியாது. ஆனால் அது சொந்த நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்கள் மட்டுமே இடம்பெற்ற பிராமணச் சபை. கணக்குக் கேட்கும் விதியை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்; யார் கேட்கலாம் என்ற விடையை 1950-க்குப் பிந்திய சட்டத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கிராம சபைக்குத் தந்துள்ள பணிகள் நான்கு. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது. ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது. தணிக்கை அறிக்கையை ஏற்பது. நடந்துவரும் எல்லாத் திட்டங்களின் முன்னேற்றத்தையும் ஆராய்வது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், மக்கள் நூறு நாள் வேலை என்று அழைக்கும் திட்டத்தின் கணக்கையும் வருகைப் பதிவையும் மக்களே சரிபார்க்கும் சமூகத் தணிக்கையையும் இச்சபையிடம் ஒப்படைத்தது. சபை கூடும் நாள்கள் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்காக இருந்தன. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயின. கூட்டம் செல்லுபடியாக, 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் நூறு பேரும், 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் இருநூறு பேரும் வந்திருக்க வேண்டும். ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வேண்டும். நகரவாசிகளுக்கு நீண்ட காலம் இத்தகைய சபையே இல்லாமல் இருந்தது. 2022 நவம்பரில்தான் பகுதி சபைகள் தொடங்கின.

இவ்விதிகள் நடைமுறையில் எப்படித் தேய்கின்றன என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். பள்ளி வளாகத்திலோ சமுதாயக் கூடத்திலோ சாமியானா போடப்படுகிறது. முன்வரிசையில் தலைவர், துணைத்தலைவர், ஊராட்சிச் செயலர், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பற்றாளர் ஆகியோருக்கு நாற்காலி. எதிரே, நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள் பாயில் அமர்ந்திருக்கிறார்கள். எண்ணிக்கை குறையாமல் இருப்பதற்காகவே அவர்கள் அழைத்துவரப்படுவது பல ஊர்களில் நடப்பதுதான். கூட்டம் தொடங்கும் முன்பே வருகைப் பதிவேடு கையெழுத்துக்குச் சுற்றிவருகிறது. செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் படிக்கிறார். தெருவிளக்குப் பராமரிப்பு, குடிநீர் மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் என்று தொகைகள் ஓடுகின்றன. எழுப்பப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை குழாயில் தண்ணீர் வராதது, ரேஷன் கடையில் பருப்பு இல்லாதது, முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனது பற்றியவை. அவை நியாயமான கேள்விகள். ஆயினும் மோட்டார் பழுதுக்கு ஓராண்டில் எத்தனை முறை, எவ்வளவு, எந்தக் கடைக்குப் பணம் சென்றது என்று ஒருவர் எழுந்து கேட்கும்போதுதான், மனு கொடுக்க வந்த கூட்டம் கணக்குக் கேட்கும் சபையாக மாறுகிறது. அந்தக் கேள்வியும் விடையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுவது, தீர்மானம் எழுதப்படாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட மறுப்பது, தீர்மான நகல் கேட்பது ஆகிய மூன்று எளிய செயல்கள், 51அ பிரிவில் எழுதப்படாவிட்டாலும், ஊரகக் குடிமக்களின் முதற்கடமைகள் என்றே சொல்லத்தகும்.

அம்பேத்கரின் எச்சரிக்கை வீணாகவில்லை என்பதையும் தமிழ்நாடே காட்டியது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில், 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் பதவியில் அமர முடியவில்லை. மனுத் தாக்கலே தடுக்கப்பட்டது, அல்லது வென்றவர் உடனே பதவி விலகவைக்கப்பட்டார். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றவர்களும் 1997 ஜூனில் படுகொலை செய்யப்பட்டனர். 2006-இல், அப்போதைய மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர்மக்களோடு நடத்திய தொடர் பேச்சுக்குப் பின் பாப்பாபட்டி உள்ளிட்ட ஊர்களில் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்ட கிராம சபை பாப்பாபட்டியில்தான் கூடியது. இடையில் 2020-இல், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையின் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியாகி நாட்டையே தலைகுனியச் செய்தது. அவருக்குரிய உரிமைகள் அனைத்தும் ஏட்டில் இருந்தன. ஒருவருடைய உரிமை மற்றவர்களுடைய நடத்தையில்தான் வாழ்கிறது. அந்த நடத்தையே குடிமைக் கடமை. உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிய 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 2019 தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்களைத் தலைவர்களாக்கியது. தலைவரின் கணவர் கோப்பில் கையெழுத்திட முனையும்போது, அவரல்ல, தலைவரே பேச வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு சபையில் அமர்ந்திருப்பவர்களுடையது.

இனி வாக்குக்குப் பணம். ஏலாக்குறிச்சிக்கு ஆற்றின் மறுகரையில் உள்ள தஞ்சாவூரிலும், கரூர் மாவட்டத்தின் அரவக்குறிச்சியிலும் 2016 சட்டமன்றத் தேர்தல், வாக்காளர்களுக்குப் பணம் வழங்கப்பட்டதன் காரணமாகவே தேர்தல் ஆணையத்தால் நிறுத்தப்பட்டு, நவம்பரில்தான் நடந்தது. கொடுப்பவரை மட்டுமே குற்றவாளியாகக் காண்பது வழக்கமாகிவிட்டது. சட்டம் பெறுபவரையும் சேர்த்தே குற்றவாளியாகக் கருதுகிறது. வறுமையைக் காட்டி இதை மன்னித்துவிடுவோர் உண்டு. ஆனால் வாங்கிய பணம் அடுத்த கிராம சபையில் வாயை அடைக்கிறது. குடிநீர் மோட்டார்க் கணக்கைக் கேட்க எழுபவரிடம், வாங்கிக்கொண்டுதானே வாக்களித்தாய் என்று திருப்பிக் கேட்க முடிகிறது. விற்கப்படுவது ஒரு வாக்கு மட்டுமன்று, ஐந்தாண்டுக் கேள்விகளும் அதனோடு சேர்ந்தே விற்கப்படுகின்றன.

தேர்தலே நடக்காமல் போகும் காலங்களும் உண்டு. ஊராட்சியின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 243உ பிரிவு ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. இருந்தும், 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டபின், மூன்றாண்டுகளுக்கும் மேலாக, 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர்கள் 2020 ஜனவரியில் பொறுப்பேற்கும் வரை, அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது, அரியலூரின் 201 ஊராட்சிகளும் பெரம்பலூரின் 121 ஊராட்சிகளும் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றன. தனி அலுவலர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஊர்மக்களிடம் மறுபடி வாக்குக் கேட்டு வரப்போவதில்லை. இத்தகைய காலத்தில் ஊரில் எஞ்சியிருக்கும் ஒரே மக்களாட்சி அமைப்பு கிராம சபை. ஆகவே, உறுப்பினர்களும் தலைவரும் இல்லாததால் இப்போது போய் என்ன பயன் என்று வீட்டிலேயே இருந்துவிடுவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில் தம் இடத்தைக் காலியாக விடுவதாகும்.

சபையின் தீர்மானத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று முடிவுசெய்யும் பொறுப்பை 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது, அவ்வாண்டு கூடிய பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அந்த வலு வன உரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. சமவெளி ஊராட்சி ஒன்று மணல் குவாரிக்கோ மதுக்கடைக்கோ எதிராக இயற்றும் தீர்மானம் அதே அளவில் அரசைக் கட்டுப்படுத்தாது. எனினும் அது பதிவான மக்கள் கருத்து. ஆட்சியரிடமும் நீதிமன்றத்திலும் முன்வைக்கத்தக்க ஆவணம். வரவு செலவு, தணிக்கை, திட்ட ஆய்வு ஆகியவற்றிலோ சபையின் அதிகாரம் அறிவுரையளவில் நிற்பதன்று, சட்டமே தந்தது.

தீர்மான நகலோ செலவுச் சீட்டுகளோ கேட்டும் தரப்படாவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இத்துறையில் 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றி நாட்டுக்கு முன்னோடியாக நின்ற மாநிலம் தமிழ்நாடு. ஒரு வெள்ளைத்தாளில், எந்த ஆண்டின் எந்தப் பணிக்கான பட்டியலும் அளவுப் புத்தகமும் வேண்டும் என்று தெளிவாக எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அஞ்சலில் அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்கச் சட்டம் இடம்தரவில்லை. முப்பது நாளுக்குள் விடை வராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதற்கும் பயன் இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. கிடைத்த தாள்களை அடுத்த கிராம சபை நாளன்று கொண்டுபோய், பட்டியலில் உள்ள தெருவிளக்குகளின் எண்ணிக்கையைத் தெருவில் எரியும் விளக்குகளோடு ஒப்பிட்டுக் காட்டி, வேறுபாட்டைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்வதற்கு வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர் ஒன்றே தகுதி.